பேப்பர் உள்ள பீகிளுக்கு ஏன் ரத்தம் ஊறவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு இது. வீட்டில் நாய் வளர்க்கிறவர்களும், பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் என்று ஒரு குட்டி வாங்கலாமா என யோசித்துக்கொண்டிருப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். நாய் என்றாலே ஆகாதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் எம்.கே.பி. நகரில் மாலை நேரத்தில் சென்ட்ரல் அவென்யூ பக்கம் நடந்தால் இப்போதெல்லாம் விதவிதமான நாய்களைப் பார்க்கலாம். லேப்ரடார், ஷிட்சு, பீகிள், பொமரேனியன் எல்லாம் உண்டு. ஒரு மூன்றாவது மாடி வீட்டில் ஹஸ்கிகூட இருக்கிறது. மே மாதத்தில் அது டேபிள் ஃபேனுக்கு முன்னால் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாய் என்றால் தெருவில் பிறந்து நாலு வீட்டுச் சோறு தின்று வளர்வதுதான். இப்போது ஹார்பரில் ஓவர்டைம் பார்த்த காசு, மணலி கம்பெனி போனஸ், சீட்டு எடுத்த பணம் என்று சேர்த்துவைத்து ஒரு குட்டி வாங்குகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. 'இவங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த நாய்' என்று கேட்கிற ஆள் நான் இல்லை. வியாசர்பாடிக்காரர் பீகிள் வளர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

என் பேச்சு வேறு ஒரு விஷயத்தைப் பற்றி. குட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பேப்பர் இருக்கா?" என்பது. பேப்பர் என்றால் கென்னல் கிளப் பதிவுச் சான்றிதழ். நம் நாட்டில் அதை வழங்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அந்தச் சான்றிதழில் குட்டியின் அப்பா யார், அம்மா யார், தாத்தா பாட்டிகள் யார் என்று வரிசையாகப் போட்டிருக்கும். பேப்பர் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. பேப்பர் இருக்கிற குட்டி 'நல்ல' குட்டி என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். விற்கிறவர்களும் அந்த நம்பிக்கையைக் கலைப்பதில்லை.

அந்தத் தாள் பரம்பரையைச் சொல்லும். ஆரோக்கியத்தைச் சொல்லாது. இரண்டும் வேறு வேறு என்று புரியாததால், எங்கள் எதிர் பிளாக்கில் ஒரு குட்டி சாகக் கிடந்தது.

ஹார்பரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற தம்பி அவர். அவருடைய அம்மா காலத்திலிருந்து பழக்கம். மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் கேட்டாள் என்று 18,000 ரூபாய் கொடுத்து ஒரு பீகிள் குட்டி வாங்கி வந்தார். வந்தபோது என்னமாய்த் துள்ளியது தெரியுமா? இரண்டரை மாதக் குட்டி, காதைத் தரையில் இழுத்துக்கொண்டு பிளாக் முழுக்க மோப்பம் பிடித்துச் சுற்றும். நான்காவது மாதம் நெருங்கும்போது மெல்ல மெல்ல அடங்கிப் போனது. சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கட்டாயப்படுத்தி ஊட்டினால் சாப்பிட்ட பிறகு இன்னும் சோர்ந்து, ஒரு மூலையில் போய்ச் சுருண்டுவிடும். எடை ஏறவே இல்லை. ஈறு வெளிறிப் போயிருந்தது.

முதலில் பார்த்த இடத்தில் உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். நம் ஊரில் நாய்க்கு ரத்தம் குறைந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள், அதில் தப்பில்லை. உண்ணி இல்லாத தெரு சென்னையில் எங்கே இருக்கிறது? மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளாகியும் தேறவில்லை. அடுத்த இடத்தில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் தெளிந்தது, பிறகு பழைய கதை. இதற்குள் குட்டியின் விலையில் பாதிக்கு மேல் வைத்தியத்துக்கே போய்விட்டது. அக்கம்பக்கத்தில் 'தயிர் சாதம் போட்டா இப்படித்தான் ஆகும்' என்று அந்தத் தம்பியின் மனைவியைக் குறை சொன்னார்கள். அந்தப் பெண் தினமும் முட்டையும் கோழியும் வேகவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், அதையும் நானே பார்த்தேன்.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். அவர் குட்டியின் இனத்தைக் கேட்டார், வயதைக் கேட்டார், சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். சிறுநீரில் புரதம் போயிற்று. ரத்தத்தில் சிவப்பணு குறைவு, வெள்ளை அணுவும் குறைவு. அப்புறம் பி12 வைட்டமின் அளவைப் பார்த்தார். அளவிட முடியாத அளவுக்குக் கீழே இருந்தது. அன்றைக்கே ஒரு ஊசி போட்டார். மறுநாள் சாயங்காலம் குட்டி தட்டை நக்கியது என்று அந்தப் பெண் பிள்ளை மூன்று மாடி ஏறி வந்து என்னிடம் சொன்னாள்.

இந்த நோயைப் பற்றி டாக்டர் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடத் தமிழில் சொல்கிறேன்.

பி12 என்பது ரத்தம் ஊறவும் நரம்பு வேலை செய்யவும் தேவையான வைட்டமின். செடி கொடிகளில் அது கிடையாது. இறைச்சி, ஈரல், முட்டை, பால் இவற்றில் உண்டு. ஆனால் சாப்பிட்டவுடன் அது தானாக ரத்தத்தில் கலந்துவிடாது. வயிற்றுக்குள் ஒரு புரதம் வந்து அதைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். மனிதனுக்கு அந்தப் புரதம் இரைப்பையில் சுரக்கிறது, நாய்க்குப் பெரும்பாலும் கணையத்தில். இரண்டும் சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேரும். அங்கே குடல் சுவரில் ஒரு வாசல். அந்த வாசல் வழியாகத்தான் பி12 உடம்புக்குள் நுழையும்.

அந்த வாசல் இரண்டு பாகங்களால் ஆனது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மரபணு. இரண்டில் ஒன்று பழுதானாலும் வாசல் திறக்காது. என்னதான் ஈரலை வறுத்துப் போட்டாலும் பி12 வாசலில் நின்றுவிட்டு அப்படியே வெளியே போய்விடும். சிறுநீரகத்திலும் இதே அமைப்பு இருக்கிறது. வடிகட்டும்போது நழுவுகிற புரதத்தைத் திரும்பப் பிடித்து வைப்பது அங்கே அதன் வேலை. அதனால்தான் சிறுநீரில் புரதம் போகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்த இடத்தில் இந்த டாக்டர் ஏன் சிறுநீரைக் கேட்டார் என்று இப்போது புரிகிறதா? கெட்டிக்காரப் பெண்!

இதற்கு இமர்ஸ்லண்ட்-கிராஸ்பெக் நோய் என்று பெயர். நார்வே நாட்டு ஓல்கா இமர்ஸ்லண்டும் பின்லாந்து நாட்டு ரால்ஃப் கிராஸ்பெக்கும் 1960-ல் தனித்தனியாக மனிதக் குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். பிற்பாடு ஜயன்ட் ஷ்னாசர் என்கிற நாய் இனத்தில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், பீகிள் என்று பட்டியல் நீண்டது. சுருக்கம் விழுந்த முகத்தோடு இருக்குமே ஷார்பே, அதற்கும் பரம்பரையாக பி12 குறையும் ஒரு நோய் உண்டு, ஆனால் அது வேறு வகை.

பி12 கதையில் நாய்களுக்கு நாம் ஒரு பழைய கடனும் பட்டிருக்கிறோம். 1920களில் அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள் என்பவர் நாய்களின் உடலிலிருந்து ரத்தத்தை எடுத்து அவற்றுக்குச் சோகை வரவைத்து, எந்த உணவு போட்டால் மறுபடி ரத்தம் ஊறுகிறது என்று பார்த்தார். ஈரல் போட்டவை வேகமாகத் தேறின. அதைப் பிடித்துக்கொண்டு மைனாட், மர்ஃபி என்ற இருவர், அந்தக் காலத்தில் பிழைக்கவே வழியில்லாத ஒரு வகைச் சோகை நோயாளிகளுக்கு ஈரலைக் கொடுத்து 1926-ல் பிழைக்க வைத்தார்கள். மூவருக்கும் 1934-ல் நோபல் பரிசு. விப்பிளின் நாய்களைத் தேற்றியது ஈரலிலிருந்த இரும்புச்சத்துதான், நோயாளிகளைத் தேற்றியது அதிலிருந்த வேறொன்று என்பது பிறகு தெரிந்தது. அந்த வேறொன்றை 1948-ல் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி12. ஆக, ரத்தம் கொடுத்த நாய்கள் வழியாக வந்த மருந்து இது. இன்றைக்கு ஒரு ஊசிக்கு ஆகும் செலவு ஒரு பிரியாணிக்கு ஆகிறதைவிடக் குறைவு. அது கிடைக்காமல் ஒரு நாய்க்குட்டி சாவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, இந்தக் குட்டிக்கு எப்படி வந்தது?

33 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், கரும்பலகை இல்லாமல் சொல்ல வராது. உங்கள் பையிலிருந்து இரண்டு நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பா நாய், ஒன்று அம்மா நாய். தலை விழுந்தால் நல்ல மரபணு, பூ விழுந்தால் பழுதான மரபணு. ஒவ்வொரு குட்டிக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். ஒரு தலை இருந்தாலும் போதும், வாசல் வேலை செய்யும். இரண்டுமே பூ விழுந்தால்தான் நோய். ஒரு தலை, ஒரு பூ வந்த குட்டி சாகும்வரை திடமாக இருக்கும், ஆனால் பழுதை மறைவாகச் சுமந்துகொண்டிருக்கும். அப்படிச் சுமக்கிற இரண்டு நாய்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று, மறைவாகச் சுமக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். ஆறு முறை சுண்டினால் சில நேரம் ஒரு தடவைகூட இரண்டு பூ விழாது. சில நேரம் மூன்று தடவை விழும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், குட்டி விற்றவரிடம் அந்தத் தம்பி போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: "போன ஈத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வரலண்ணா. அப்பா அம்மா ரெண்டும் எப்படி இருக்குன்னு நீங்களே பாத்தீங்கல்ல? பேப்பர் நாய்க்கு எப்படிண்ணா பரம்பரை வியாதி வரும்?"

அப்பா அம்மா திடமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. போன ஈற்றில் வராததும் எதையும் நிரூபிக்காது. வாங்கும்போது குட்டி துள்ளியதே என்றால், அதுவும் அப்படித்தான். தாயிடமிருந்து வந்த பி12 சேமிப்பு குட்டியின் உடம்பில் கொஞ்ச நாள் இருக்கும். அது கரையக் கரையத்தான் நோய் தெரியும். பல குட்டிகளுக்கு இரண்டு மூன்று மாதத்தில், சிலவற்றுக்கு இன்னும் தாமதமாக. விற்பனை நடப்பதும் அதே இரண்டு மாத வயதில். குட்டி கை மாறிய பிறகு நோய் வெளியே வருகிறது என்பதால், விற்றவர் கண்ணில் அது படுவதே இல்லை.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார், அதுதான் என்னை இதை எழுத வைத்தது. "இத எங்கிட்ட விட்டுடுங்கண்ணா, அடுத்த ஈத்துல ஒரு குட்டி மாத்தித் தர்றேன்." அடுத்த ஈற்று யாருக்கு? அதே அப்பா, அதே அம்மா. மிக்சி ரிப்பேர் என்றால் வேறு மிக்சி கொடுப்பது மாதிரி! திரும்பப் போகிற குட்டியின் கதி என்ன ஆகும் என்று அந்தப் பெண் பிள்ளை கேட்டாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கூடப் பிறந்த மற்றக் குட்டிகளை யாரிடம் விற்றீர்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று தம்பி கேட்டதற்கும் பதில் இல்லை. இந்த ஊரிலேயே எங்கோ இரண்டு வீட்டில் இதே நோயோடு குட்டிகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயரில் மாத்திரை தின்றுகொண்டிருக்கலாம்.

பிறகு அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண். அப்பா வழித் தாத்தாவும் அம்மா வழித் தாத்தாவும் ஒரே நாய். எல்லோரும் பெருமையாகக் காட்டுகிற தாளிலேயே அது அச்சாகி இருக்கிறது. அந்த ஒரு தாத்தா பழுதைச் சுமந்திருந்தால், அது இரண்டு பக்கமாகவும் இறங்கி வந்து இந்தக் குட்டியிடம் சந்தித்திருக்கலாம். பேப்பரால் ஒரு பயன் உண்டென்றால் அது இதுதான். இரண்டு பக்கமும் ஒரே பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் குட்டியை வாங்குவதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேள்வி கேளுங்கள்.

இது எங்கோ ஒருவர் செய்த தவறு என்று நினைக்காதீர்கள். 'தூய இனம்' என்பதே ஒரு சின்ன வட்டத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் வருவது. போட்டியில் பரிசு வாங்கிய ஓர் ஆண் நாய் இருந்தால் ஊரில் உள்ள பெண் நாய்கள் எல்லாம் அதனிடம்தான் வரும். பத்து வருஷத்தில் பாதிக் குட்டிகள் அதன் பேரப்பிள்ளைகளாக இருக்கும். நம் நாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2016-ல் மத்திய அரசு விற்பனைக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் வெளிநாட்டிலிருந்து நாய் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. கண்ட நாய்களை விமானத்தில் ஏற்றி வந்து இந்த வெயிலில் வதைப்பதை நிறுத்தியது நல்ல காரியம்தான். ஆனால் ஏற்கெனவே இங்கே இருக்கிற நாய்களுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருந்தால் வட்டம் இன்னும் சுருங்கும் என்பது கணக்கு. அப்போது பரிசோதனை இன்னும் அதிகமாகத் தேவை.

சொந்தத்துக்குள் கொடுத்து எடுக்கிற ஊர் நம்முடையது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று நடந்த கல்யாணங்களை எண்ணினால் என் உறவிலேயே விரல் போதாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள் நடந்ததாக வந்தது. ஆனால் இப்போது மகப்பேறு டாக்டரிடம் போனால் முதல் சீட்டிலேயே 'சொந்தத்துல கல்யாணமா?' என்று கேட்டு எழுதுகிறார்கள். நம் பெண்களும் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். அந்தக் கேள்வி வந்து சேர ஒரு தலைமுறை ஆயிற்று. நாய்க்கு அந்தக் கேள்வியைக் கேட்க இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டுமா?

2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கென்று விதிகள் கொண்டுவந்தது. ப்ரீடர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. எத்தனை பேர் பதிவுச் சான்றைக் காட்டி விற்கிறார்கள் என்று வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஏழு வீட்டில் ஒருவரும் அப்படி ஒரு சான்றைப் பார்த்ததில்லை. 2024-ல் தமிழக அரசு தனியாக ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மாலமூட் மாதிரி நம் வெயில் தாங்காத இனங்கள், பக், பிரெஞ்சு புல்டாக் மாதிரி மூச்சு விடவே திணறும் இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு இனப்பெருக்கம் கூடாது என்றார்கள். நல்ல நோக்கம். மூஞ்சி சப்பை என்பது யார் கண்ணுக்கும் தெரியும், ரோமம் அடர்த்தி என்பதும் தெரியும். குடலுக்குள் ஒரு வாசல் திறக்காதது எந்த அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும்? அந்தப் பட்டியலில் பீகிள் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு மரபணுப் பழுதுக்காக ஒரு இனத்தையே தடை செய்வது தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வேலை. மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் வாங்கப் போனால் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். விற்கிறவரிடம் பெற்றோரின் மரபணுச் சோதனைச் சான்று கேட்க ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது என் கருத்து.

'நாட்டு நாய் வாங்குங்க டீச்சர், இந்தத் தொல்லையே இல்லை' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் நம் மண்ணின் செல்வம், எனக்கும் பெருமைதான். 2005-ல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலையே வந்தது. ஆனால் அதே ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு இருக்கிறது என்பது வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். தூய வெள்ளை வேண்டும், மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று தேடித் தேடிச் சேர்த்ததன் விலை அது. ரோமத்துக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாமல் போனால் காது கேட்காது. சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்தியது. அங்கிருந்த நிலைமையைப் பார்த்து 2016-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. நாட்டு இனமோ சீமை இனமோ, வட்டம் சின்னதானால் கணக்கு ஒன்றுதான். இந்தக் கணக்கில் நம் தெரு நாய்தான் பணக்காரன். எத்தனை தெருவின் ரத்தம் கலந்திருக்கும் அதற்குள்! அதற்காக அதற்கு நோயே வராது என்று சொல்ல முடியாது. ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்து சேர்வது அபூர்வம், அவ்வளவுதான்.

ப்ரீடர்களுக்கும் ஒரு வார்த்தை, அவர்களிலும் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. நாயின் கன்னத்தின் உட்பக்கம் ஒரு பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து மரபணு ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான். ஒரு நாய்க்கு ஆயுளில் ஒரு தடவை போதும், மரபணு மாறப்போவதில்லை. உங்கள் நாய் பழுதைச் சுமக்கிறது என்று முடிவு வந்தால் பயப்படவும் வேண்டாம், அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பழுதில்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. சுமக்கிற நாயை எல்லாம் கழித்துக்கட்டினால் வட்டம் இன்னும் சின்னதாகி, வேறு ஏதாவது ஒரு பழுது தலைதூக்கும். சுமக்கிற இரண்டைச் சேர்க்காமல் இருந்தால் போதும். ஒரு ஈற்றில் ஒரு குட்டி விற்கிற காசில் சிறு பங்குதான் சோதனைக்கு ஆகும். 18,000 கொடுத்து வாங்குகிறவர் அதைக் கேட்கக் கூடாது என்றால் என்ன நியாயம்?

'டீச்சர், நாங்க கேட்டா கொடுக்க மாட்டாங்க, வேற ஆளுக்கு வித்துடுவாங்க' என்பார்கள். உண்மைதான், இன்றைக்கு அப்படித்தான் நடக்கும். பேப்பரும் ஒரு காலத்தில் யாரும் கேட்காத ஒன்றுதான். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் அது வியாபாரத்துக்குள் வந்தது.

எதிர் பிளாக் குட்டி இப்போது ஏழு மாதம். முதலில் வாரம் ஒரு ஊசி, இப்போது மூன்று வாரத்துக்கு ஒன்று. ஆயுள் முழுக்கப் போட வேண்டும். போட்டால் மற்ற நாய்களைப் போல வாழும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மரபணுச் சோதனை செய்தால்தான் நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார். அதற்கு அந்தத் தம்பி அடுத்த மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார். சோதனை முடிவு வந்ததும் விற்றவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். நானும் கூடப் போகிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு குட்டி இருந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை, வளர்ச்சி இல்லை, வெளிறிப் போகிறது, உண்ணிக் காய்ச்சல் மருந்துக்குத் தேறவில்லை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு ஒரு பஸ் தூரம்தான். காலையிலேயே போய் சீட்டு வாங்கிவிடுங்கள். டாக்டரிடம் இனத்தைச் சொல்லுங்கள், எந்த வயதில் தொடங்கியது என்று சொல்லுங்கள், பேப்பர் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். 'பி12 பார்க்கணுமா, யூரின்ல புரோட்டீன் பார்க்கணுமா' என்று பணிவாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பி12 குறைய வேறு காரணங்களும் உண்டு, கணையக் கோளாறு, நாள்பட்ட குடல் நோய் என்று. அதை அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் பி12 ஊசி வாங்கி முன்கூட்டியே போட்டுவிட்டு ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். போட்ட பிறகு பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும், உள்ளே இருக்கிற நோய் தெரியாமல் போய்விடும்.